ரூ.6 லட்சம் செலவு செய்தார். குளியல் அறைக் கறை கவிழ்த்து விட்டது!

வீட்டை விற்கும் முன் எந்த வேலை செய்தால் பணம் திரும்பும்? எது வீண்?

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அடுக்கு மாடிக் குடியிருப்பு. அதில் இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் 30 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குடியிருக்கிறார்.

மனைவிக்கு முழங்கால் வலி. ஒரு நாளைக்கு ஒரு தடவை படி ஏறி இறங்குவதே பெரும்பாடு. "கீழ் வீடாப் பாருங்க. இல்லேன்னா என்னை வெளியே கூப்பிடாதீங்க" என்று அந்த அம்மாள் சொல்லி விட்டார். குரோம்பேட்டையில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு பிளாட் விலைக்கு வந்தது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

தரகர் வந்து பார்த்தார். "62 லட்சம் போகும் சார்" என்றார்.

அதோடு நின்றிருக்கலாம். "வீட்டை ஜோராக்கினால் 70-க்குக் கேட்கலாமே!" என்று யாரோ ஓதி விட்டார்கள். பெரியவர் வங்கி டெபாசிட்டை உடைத்தார். ஹாலில் பால்ஸ் சீலிங். அதற்குள் நீல விளக்கு, மஞ்சள் விளக்கு. டி.வி. மாட்டும் சுவருக்கு மரப்பலகை அலங்காரம். ஜன்னலுக்கு ஆளுயரத் திரைச்சீலை. ஆக மொத்தம் ரூ.6 லட்சம் காலி.

மூன்று மாதத்தில் 11 பேர் வீடு பார்க்க வந்தார்கள். பெரியவர் நீல விளக்கைப் போட்டுக் காட்டினார். "பேஷ்!" என்றார்கள். பிறகு குளியல் அறைக்குள் போனார்கள். தலையை நிமிர்த்தினார்கள். மேல் தளத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. தாம்பாளத் தட்டு அளவு இருக்கும். நடுவில் பூச்சு உப்பி இருந்தது.

"யோசிச்சுச் சொல்றோம் சார்."

போனவர்கள் போனவர்கள்தான். ஒருவரும் திரும்பி வரவில்லை.

வாங்க வருகிறவர் பை

வீட்டுக்கு வேலை செய்தால் விலை ஏறும் என்பது பொய் அல்ல. எந்த வேலை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைப் புரிந்து கொள்ள வேண்டுமானால், விற்கிறவர் தன் வீட்டைப் பார்ப்பதை விட்டு விட்டு, வாங்க வருகிறவரின் சட்டைப் பையைப் பார்க்க வேண்டும்.

60 லட்ச ரூபாய் பிளாட் என்று வைத்துக் கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதாவது கடன் 48 லட்சம். மீதி 12 லட்சம் கைப்பணம்.

அதோடு முடிந்ததா? முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து ரூ.5 லட்சத்து 40 ஆயிரம். இதையும் அவர்தான் கையில் இருந்து எடுத்து வைக்க வேண்டும். ஆக, ரூ.17 லட்சத்து 40 ஆயிரம். தரகு தனி. சாமான் ஏற்றும் லாரிக்கூலி தனி. நகையை அடகு வைத்து, மச்சானிடம் கைமாற்று வாங்கி, பி.எப். பணத்தை எடுத்துக் கொண்டுதான் மனுஷன் வருகிறார்.

அப்படி வருகிறவருக்கு நீல விளக்கு இனிக்காது. ஒழுகும் குளியல் அறை மட்டும் கண்ணில் முள்ளாகக் குத்தும். குடி வந்த மறு மாதமே கொத்தனாரைத் தேட அவரிடம் தெம்பும் இல்லை, காசும் இல்லை. 50 ஆயிரத்தில் முடிகிற வேலையை அவர் மனம் 3 லட்சம் என்று கணக்குப் போடும். அந்த 3 லட்சத்தை விலையில் குறைப்பார். அல்லது ஓசைப்படாமல் படி இறங்கிப் போய் விடுவார்.

வங்கியின் பேச்சும் வேறு மாதிரி. கடன் கொடுக்கும் முன் வங்கி ஒரு என்ஜினீயரை அனுப்பும். அவர் சதுர அடியை அளப்பார். கட்டிடத்தின் வயதைக் கேட்பார். வரைபட அனுமதியைப் பார்ப்பார். பிளாட்டுக்கு எவ்வளவு நிலப்பங்கு என்று பத்திரத்தைப் புரட்டுவார். பால்ஸ் சீலிங்குக்கு அந்தப் படிவத்தில் பெரிய மரியாதை கிடையாது. விற்கிறவர் 70 லட்சம் கேட்டாலும், வங்கி மதிப்பு 60 லட்சம் என்றால் கடன் 60-க்குத்தான். மேல் 10 லட்சத்துக்கு வாங்குகிறவர் எங்கே போவார்?

ஓதத்துக்கு வெள்ளை அடிக்காதீர்கள்

நகரில் உள்ள தரகர்களைக் கேட்டால், வீடு கை மாறாமல் நிற்பதற்கு முதல் காரணமாக நீர்க்கசிவைத்தான் சொல்கிறார்கள்.

பலர் செய்கிற தந்திரம் ஒன்று உண்டு. வீடு பார்க்க ஆள் வருகிறது என்றால் முதல் நாள் கறை மீது பட்டி பூசி வெள்ளை அடித்து விடுவார்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது பட்டி நிற்காது. சில வாரத்தில் அது உப்பிக் கொண்டு பழைய கறையை விட அசிங்கமாகத் தெரியும். வாங்க வருகிறவரும் லேசுப்பட்டவர் அல்ல. மற்ற சுவர் எல்லாம் மங்கி இருக்க, ஓர் இடத்தில் மட்டும் பளிச் என்று இருந்தால் விரலால் தட்டிப் பார்ப்பார்.

கசிவு வருகிற வழியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. குளியல் அறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் 'டிராப்' குழாயின் இணைப்பில் விரிசல் இருக்கலாம். டைல்ஸ் இடுக்கில் போட்ட சிமெண்ட் கரைந்து போய் இருக்கலாம். சுவருக்குள் ஓடும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருக்கலாம். அடுக்கு மாடிகளில் குளியல் அறைத் தளத்தை ஒரு அடி இறக்கிக் கட்டி, உடைத்த செங்கல் போட்டு நிரப்பி இருப்பார்கள். அதற்குள் தண்ணீர் இறங்கி விட்டால் குளம் போலத் தேங்கும். கீழ் வீட்டுக்காரர் எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் ஒன்றும் நடக்காது.

மேலே இருந்து தரையை உடைக்க வேண்டும். குழாயை மாற்ற வேண்டும். நீர் புகாத பூச்சு கொடுத்து, தண்ணீரைத் தேக்கி வைத்து ஒரு நாள் முழுவதும் பார்க்க வேண்டும். இறங்கவில்லை என்று தெரிந்த பிறகே டைல்ஸ். நல்ல மேஸ்திரி இந்த ஒரு நாளை விட்டுக் கொடுக்க மாட்டார்.

மொட்டை மாடியிலும் இதே கதைதான். பழைய வீடுகளில் சுண்ணாம்பு ஜல்லி போட்டு அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். இடுக்கில் அரச மரம் முளைத்து வேர் விட்டிருக்கும். செடியைக் கிள்ளினால் போதாது; வேரோடு எடுத்து ஓட்டைப் பிரித்துப் பதிக்க வேண்டும்.

இதை விட மோசமான ஒன்று உண்டு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் அதிகம் பார்க்கலாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்ததும் அடியில் இருக்கும் பூச்சைப் பிளந்து கொண்டு வெளியே தலையைக் காட்டும். காரை பொத்தென்று கட்டிலில் விழும். இதை மூடி மறைத்து விற்பது ஏமாற்று வேலை. கம்பியில் உள்ள துருவைச் சுரண்டி, ரசாயனம் பூசி, புதுப் பூச்சு கொடுத்து விட்டு, செய்த வேலைக்கு என்ஜினீயரிடம் எழுதி வாங்கி வைத்துக் கொண்டால் அந்தக் காகிதமே பேரம் பேசும்.

காலமும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் இந்த வேலைகளை முடித்து விட வேண்டும். ஆடியில் வீடு வாங்க ஆள் வருவது குறைவு. ஆவணி பிறந்தால் நடமாட்டம் தொடங்கும். விவரமான ஆள் ஐப்பசி அடைமழையில்தான் குடையைப் பிடித்துக் கொண்டு வீடு பார்க்க வருவார். அவரிடம் தப்ப முடியாது.

பெயிண்ட், சமையல் மேடை, ஸ்விட்ச்

ஓதம் ஒழிந்த பிறகு செலவுக்கு ஏற்ற பலன் தருவது பெயிண்ட். வெளிர் நிறம் போதும். பூஜை அறைக்குக் கருஞ்சிவப்பு, பிள்ளைகள் அறைக்குக் கிளிப்பச்சை என்று சொந்த ரசனையைக் காட்ட வேண்டாம். வருகிறவர் அதை அழிக்கும் செலவைத்தான் யோசிப்பார்.

சமையல் அறையில் இன்னும் கடப்பா கல் மேடை என்றால் கிரானைட் போடலாம். பெரிய அளவில் மாடுலர் கிச்சன் செய்வது விற்கப் போகிறவருக்கு வேண்டாத வேலை. அந்தப் பலகை அலமாரி வருகிறவருக்குப் பிடிக்காமல் போகலாம். கரையான் வேறு இருக்கிறது.

இரண்டு குளியல் அறை இருந்தால் ஒன்றில் வெஸ்டர்ன் கழிப்பறை கட்டாயம். வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பியூஸ் கட்டை வைத்த பழைய மெயின் போர்டை மாற்றுங்கள். படுக்கை அறையில் ஏ.சி.க்குத் தனி லைன் இழுத்து விடுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். இவை எல்லாம் சில்லறைச் செலவுகள். ஆனால் "உடனே குடி வந்துடலாம்" என்ற நினைப்பை உண்டாக்குபவை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கே போடுகிறார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு செலவு, விற்கும்போது எவ்வளவு திரும்புகிறது என்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறார்கள். 2024-ம் ஆண்டு பட்டியலில் முதல் இடம் எதற்குத் தெரியுமா? கார் கொட்டகைக் கதவுக்கு! போட்ட பணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு திரும்புகிறதாம். அந்த ஊரில் வீட்டின் முகமே அந்தக் கதவுதான். நம் ஊரில் கார் கொட்டகைக்கு எங்கே போவது? துருப்பிடித்த கிரில் கேட்டைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து, தேக்குக் கதவுக்குப் பாலிஷ் போட்டு, அடுக்கு மாடியாக இருந்தால் மாடிப்படியில் உள்ள வெற்றிலைக் கறையையும் உடைந்த சைக்கிளையும் அப்புறப்படுத்தினால் அதே பலன் கிடைக்கும். கதவைத் திறக்கும் முன்பே பாதி பேர் முடிவு செய்து விடுகிறார்கள்.

வாஸ்து? நம்பிக்கை அவரவர் விஷயம். ஆனால் சந்தையில் அதற்கு விலை இருக்கிறது. தென்கிழக்கு மூலையில் சமையல் அறை இல்லை என்பதற்காகவே நல்ல வீட்டை வேண்டாம் என்பவர்கள் உண்டு. அதற்காகச் சுவரை இடிக்கப் போனால் அது வேறு வம்பு.

இடித்தால் விலை குறையும்

பால்கனியைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்குவது, இரண்டு அறைகளை ஒன்றாக்குவது, மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு 'ரூம்' எழுப்புவது... இதெல்லாம் சதுர அடியைக் கூட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்.

வங்கி என்ஜினீயர் கையில் அனுமதி பெற்ற வரைபடம் இருக்கும். வரைபடத்தில் இல்லாத அறைக்கு அவர் மதிப்புப் போட மாட்டார். சில வங்கிகள் கடனே கிடையாது என்று கை விரித்து விடும். கடன் வாங்கி வாங்குகிறவர் போய் விட்டால், ரொக்கம் வைத்திருப்பவர்தான் மிச்சம். ரொக்கம் வைத்திருப்பவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்.

பழைய தனி வீடுகளில் இன்னும் ஆபத்து. தூண், உத்தரம் இல்லாமல் 9 அங்குலச் சுவரின் மேலேயே தளம் நிற்கும். "ஹால் பெரிசா இருந்தா எடுப்பா இருக்கும்" என்று நடுச்சுவரை எடுத்தால், வீடு விலை போவது இருக்கட்டும், வீடே நிற்குமா என்று பார்க்க வேண்டி வரும். அடுக்கு மாடியில் செய்தால் மேலே இருக்கும் மூன்று குடும்பத்தின் தலையில் கை வைத்த மாதிரி.

பழைய பிளாட்டில் விலை எங்கே இருக்கிறது?

தியாகராய நகர், மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் 35, 40 வயதான பிளாட்டுகளுக்கு வேறு கணக்கு. அங்கே பேசுவது யூ.டி.எஸ். என்று எல்லோரும் சொல்கிற பிரிக்கப்படாத நிலப்பங்கு.

கட்டிடம் வயதாக வயதாக அதன் மதிப்பு தேயும். அடியில் இருக்கும் நிலம் ஏறும். 800 சதுர அடி பிளாட்டுக்கு 450 சதுர அடி நிலம் பத்திரத்தில் இருந்தால் அந்த 450-தான் சொத்து. மேலே உள்ளதெல்லாம் ஓடு.

முன்பெல்லாம் பழைய குடியிருப்பை இடித்துக் கட்ட வேண்டும் என்றால் ஒருவர் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்று விடும். 2022-ல் சட்டசபையில் நிறைவேறிய தமிழ்நாடு அடுக்கு மாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று வழி விட்டது. அதற்குப் பிறகு பழைய குடியிருப்புகளில் பில்டர்கள் வந்து போவது சகஜம்.

ஆகவே குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் 'இடித்துக் கட்டலாமா' என்ற பேச்சு எழுந்து விட்டால், உள்ளே இத்தாலி மார்பிள் போடுவது கடலில் காசைக் கரைப்பது. நாளை ஜே.சி.பி. வந்தால் மார்பிளுக்குத் தனி மரியாதை தராது. ஒழுகலை நிறுத்துங்கள், பெயிண்ட் அடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ரோடு ஏறுது, வீடு இறங்குது!

தனி வீட்டுக்காரர்களின் தலைவலி வேறு. 1980-களில் ரோட்டை விட இரண்டடி உயரத்தில் கட்டிய வீடு இன்று ரோட்டை விடத் தாழ்வாக இருக்கிறது. வீடு இறங்கவில்லை. தார் மேல் தார் போட்டு ரோடு ஏறி விட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்து விட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் அரசு கண்டிப்பாகச் சொன்னது. அதற்கு முன்பே ஏறிய உயரம் ஏறியதுதான்.

வாசலில் இருந்து படி இறங்கி ஹாலுக்குள் போகும் வீடுகளை வேளச்சேரி, நங்கநல்லூர், முடிச்சூர் பக்கம் பார்க்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் யாரும் மறக்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் சமையல் அறையைப் பார்ப்பதற்கு முன்பே "2015-ல் தண்ணி எது வரைக்கும் வந்தது?" என்று கேட்கிறார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்று கண் தேடுகிறது.

சிலர் வீட்டுக்குள்ளேயே மண் கொட்டித் தரையை உயர்த்துகிறார்கள். தரை உயர்ந்தால் தலை தட்டுமே! கதவை அறுக்க வேண்டும். ஜன்னல் முழங்காலுக்கு வந்து விடும். அலமாரியின் அடித்தட்டு மண்ணுக்குள் போய் விடும். அப்படிப்பட்ட வீடு கண்ணுக்கே குறையாகத் தெரியும்.

இன்னொரு வழிதான் ஊரையே வேடிக்கை பார்க்க வைத்தது. வீட்டை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்குவது!

லாரிக்கு டயர் மாற்றும்போது வைப்பது போன்ற திருகு ஜாக்கிகள்தான். அரியானா பக்கத்தில் இருந்து இந்த வேலை தெரிந்தவர்கள் வந்து சென்னையில் பல வீடுகளைத் தூக்கி இருக்கிறார்கள். சுவர் ஓரமாகத் தோண்டுவார்கள். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் துளை போட்டு இரும்புச் சட்டத்தைச் செருகுவார்கள். அதன் அடியில் ஒன்று விட்டு ஒன்று ஜாக்கி. ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்படும். மேஸ்திரி குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே அளவு திருகுவார்கள். ஒருவர் அதிகம் திருகினால் சுவர் விரிசல் விட்டு விடும். வேண்டிய உயரம் வந்ததும் அடியில் செங்கல் கட்டி, கான்கிரீட் போட்டு, ஜாக்கியை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மூன்றடி, நான்கடி தூக்குவது சாதாரணம். மாடி வீட்டையும் தூக்கி விடுகிறார்கள்.

தூக்கும் கூலியைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தூக்கிய பிறகு தரை முழுவதும் புதிதாகப் போட வேண்டும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் இணைப்பு எல்லாம் அறுபட்டிருக்கும். மாடிப்படி, கேட், சுற்றுச்சுவர், சம்ப் எல்லாம் பள்ளத்திலேயே நிற்கும். அவற்றையும் உயர்த்த வேண்டும். ஒன்றிரண்டு மாதம் வாடகை வீடு வேறு. கூலி அளவுக்கு இந்தச் செலவும் வந்து விடுகிறது.

இத்தனை செய்தால் விலை ஏறுமா? கட்டிடம் திடமாக இருந்து, வாங்குகிறவர் அதிலேயே குடி வருவார் என்றால் ஏறும். வெள்ளம் புகாத வீடு என்று தைரியமாகச் சொல்லலாம். என்ஜினீயரின் உறுதிச் சான்று மட்டும் கையில் இருக்க வேண்டும். ஆனால் ஒரு கிரவுண்டு நிலத்தில் 40 வயது ஓட்டை வீடு என்றால் வருகிறவர் 2,400 சதுர அடிக்குத்தான் விலை சொல்வார். வீட்டை இடித்து விடப் போகிறார். இடிக்கப் போகிற வீட்டை எதற்குத் தூக்க வேண்டும்?

தண்ணீர் பேசும்

2019 ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரிகளும் வறண்டு கிடந்தன. குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்த ஜனங்கள் அதன் பிறகு வீடு பார்க்கும்போது கேட்கிற கேள்வி: "கோடையில லாரித் தண்ணி வாங்குவீங்களா?"

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் 2003-ல் கட்டாயம் ஆக்கினார்கள். அப்போது தோண்டிய குழிகள் பல இடங்களில் மண் மூடிக் கிடக்கின்றன. குழாய் மட்டும் சுவரில் தொங்கும். அந்தக் குழியைத் தூர் வாரி, கூழாங்கல்லும் மணலும் மாற்றிப் போட ஆகிற செலவு ஒரு திரைச்சீலைச் செலவுதான். கிணற்றில் தண்ணீர் நிற்பதைக் காட்டினால் வேறு விளம்பரம் வேண்டாம். சம்ப்பைக் கழுவி, மூடி போட்டு வையுங்கள். மெட்ரோ தண்ணீர் இணைப்பு ரசீதை எடுத்து வையுங்கள்.

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு வைக்க 2024-ல் மத்திய அரசு ரூ.78 ஆயிரம் வரை மானியம் அறிவித்தது. தனி வீட்டுக்காரர்களுக்கு இது பேசுவதற்கு ஒரு பாயிண்ட். பிளாட்டில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் அந்தப் பேச்சு அவ்வளவு சுலபம் அல்ல.

பைசா செலவில் பெரிய வேலை

சொத்து வரி ரசீது காலமான அப்பா பெயரில். மின் இணைப்பு தாத்தா பெயரில். பட்டா முந்தைய உரிமையாளர் பெயரில். இப்படி ஒரு வீட்டைத் தேக்கு மரத்தால் இழைத்து வைத்தாலும் வக்கீல் ஒரே வரியில் 'சரி இல்லை' என்று எழுதி விடுவார்.

வீட்டுக்கு மேஸ்திரியைக் கூப்பிடும் முன் இந்தக் காகிதங்களைச் சரி செய்வதுதான் முதல் வேலை. வில்லங்கச் சான்றிதழை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்கு ஆகும் கட்டணம் பெயிண்ட் டப்பா விலை கூட வராது. அலைச்சல் மட்டும் உண்டு. வரைபட அனுமதி நகல் தொலைந்திருந்தால் வீடு பார்க்க ஆள் வந்த பிறகு தேடாதீர்கள்.

இன்னொரு காகிதம்தான் எல்லோரும் குப்பையில் போடுவது. பில்!

வீட்டை 2 ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு நீண்ட கால மூலதன ஆதாய வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல் இது 12.5 சதவீதம் ஆனது. அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய வீடு என்றால், விலைவாசி உயர்வைக் கழித்துக் கொண்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் எது குறைவோ அதைக் கட்ட தனி நபர்களுக்கு வழி இருக்கிறது. வீட்டை மேம்படுத்திய செலவை லாபத்தில் கழிக்கலாம். 5 லட்சத்துக்குத் தகுந்த பில் இருந்து, அது ஏற்கப்பட்டால், 12.5 சதவீதக் கணக்கில் வரி மட்டும் ரூ.62 ஆயிரத்து 500 மிச்சம். புதுத் தளம், புது அறை, ஒயரிங் மாற்றியது போன்றவைதான் இதில் வரும். வருடாந்தர வெள்ளை அடிப்பு, சோபா, திரைச்சீலை வராது. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு செய்த வேலையும் வராது. 'பில் இல்லேன்னா விலை குறைச்சுத் தர்றேன்' என்று கடைக்காரர் சொன்னால், அந்தத் தள்ளுபடி யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

மேல் வீட்டு மாமி

மேற்கு மாம்பலம் பெரியவர் கதைக்கு வருவோம். 11-வது ஆளும் போன பிறகு தரகர் ஒரு நாள் பொறுமை இழந்து கேட்டு விட்டார்: "சார், ஆறு லட்சம் எதுக்கு சார் போட்டீங்க? அந்தக் குழாயை மாத்தி இருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே!"

குழாய் இருப்பது மேல் வீட்டில். அங்கே 78 வயது மாமி தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். "என் பாத்ரூமை இடிச்சா நான் எங்கே போய்க் குளிப்பேன்? கொத்தனாரை நம்பி வீட்டைத் திறந்து விட மாட்டேன்" என்று இரண்டு ஆண்டாக மறுத்து வந்தவர். இருவருக்கும் பேச்சு வார்த்தையே நின்று போய் இருந்தது.

போய்ப் பேசியது பெரியவர் அல்ல. முழங்கால் வலியோடு இன்னும் ஒரு மாடி ஏறிப் போனது அவர் மனைவிதான். "மாமி, எத்தனை நாள் ஆனாலும் எங்க வீட்டிலயே குளிச்சுக்கோங்கோ. கொத்தனார் இருக்கிற வரைக்கும் இவர் உங்க ஹாலிலயே உட்கார்ந்திருப்பார்."

வேலை 8 நாள் நடந்தது. மாமி தினமும் காலையில் துண்டும் சொம்புமாக இறங்கி வந்தார். பெரியவர் மேலே பேப்பர் படித்துக் கொண்டு காவல் இருந்தார். செலவு ரூ.55 ஆயிரம். பாதிப் பாதி போட்டுக் கொண்டார்கள். கீழே கறையைச் சுரண்டி, காய விட்டு, பூசி, பெயிண்ட் அடிக்க இன்னும் கொஞ்சம்.

அடுத்த மாதம் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் இளம் ஜோடி ஒன்று வந்தது. குளியல் அறையில் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. 63 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். ஆறு லட்சத்துக்கும் மேல் போட்டதற்கு, தரகர் முதலில் சொன்ன விலையை விட ஒரு லட்சம்தான் கூட. பெரியவர் பேசாமல் முன்பணத்தை வாங்கிக் கொண்டார். குரோம்பேட்டை பிளாட் இன்னும் விலை போகாமல் இருந்தது அவர் அதிர்ஷ்டம்.

கிளம்பும்போது அந்த இளைஞர் ஹாலில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தார். பால்ஸ் சீலிங்கால் மின்விசிறி தாழ்ந்திருந்தது. விரல் நுனிக்கும் இறக்கைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. குடி வரும்போது இதை எடுத்துடலாம்னு இருக்கோம்" என்றார்.